துவக்கு தேத்தண்ணீர் குடிக்குமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் துவக்கின் விசையை இழுக்கும்போது மூச்சை எந்த இடத்தில் நிறுத்துவது என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி மூச்சைப் பற்றியே பேசவில்லை, எல்லாம் குழலைப் பற்றித்தான். குழல் தேய்ந்துவிட்டதா, துருப்பிடித்தால் குறி தவறுமா, எத்தனை வெடிக்கு ஒருமுறை துடைப்பது என்று ஆளுக்கொரு கவலை. சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடுவோம். ஒன்றை மட்டும் முதலில் சொல்கிறேன், கீழே உள்ள எதைச் செய்வதானாலும் குழலைப் பின்னால் மூடும் போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறையில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகுதான் குழலைக் கையில் எடுக்க வேண்டும்.

கேள்வி: நான் எங்கள் சுடுகழகத்தில் பொயின்ட் 22 (குழல் துளை 0.22 அங்குலம்) ரைபிளில் பயிற்சி எடுக்கிறேன். போன வருஷம் 50 மீற்றரில் படுத்துக்கொண்டு சுட்டால் ஐந்து வெடியும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழும். இப்போது தேத்தண்ணீர்க் கோப்பையின் வாய் அகலத்துக்குச் சிதறுகிறது. குழல் முடிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்கிறார் கழகத்தில் ஒரு அண்ணன். மாற்றக் காசு இல்லை. குழல்தான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, ஹட்டன்)

பதில்: தங்கச்சி, குழலை மாற்றும் பேச்சை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். பொயின்ட் 22 ரைபிளில் ஓடுவது மெழுகு பூசிய வெறும் ஈய ரவை, வேகமும் குறைவு, வெடிமருந்தும் ஒரு சிட்டிகைதான். அப்படிப்பட்ட குழல் பல்லாயிரம் வெடிக்குத் தாங்கும். ஒரே வருஷத்தில் அது தேய்ந்து முடிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கெட்டுப்போயிருக்கலாம். தேய்வது வேறு, கெடுவது வேறு.

முதலில் குழலைத் தொடாமலே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கட்டையையும் குழலையும் பிடித்து நிற்கும் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா? மரக்கட்டை என்றால் நம் ஊர் மழைக்காலத்தில் ஊதும், தை மாசிக் காய்ச்சலில் சுருங்கும், திருகு தானாகத் தளரும். குறி பார்க்கும் சைட் ஆடுகிறதா? போன வருஷம் சுட்ட அதே தோட்டாதானா, அதே பெட்டி இலக்கமா? ஒரே கம்பனித் தோட்டாவாக இருந்தாலும் ஒரு தொகுதியை விரும்புகிற குழல் அடுத்த தொகுதியை விரும்பாது, இது பொயின்ட் 22 சுடுகிற எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. அப்புறம், உங்கள் ரைபிளை உங்களைவிட நன்றாகச் சுடுகிற ஒருவரிடம் கொடுத்து, மணல் மூட்டையில் தாங்கி வைத்துப் பத்துப் பத்தாக மூன்று அட்டை சுடச் சொல்லுங்கள். அவர் கையிலும் சிதறினால்தான் குழலுக்கு வர வேண்டும்.

வந்தால் முதலில் பார்க்க வேண்டியது குழலின் வாயை. உள்ளே எட்டிப் பார்த்துப் பளபளப்பாக இருக்கிறது என்று திருப்திப்படுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் குறியைத் தீர்மானிப்பதில் அந்த வாய் விளிம்புக்கு இருக்கிற பங்கு நடுக்குழலுக்கு இல்லை. லயத்துப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். பீலியின் வாய் ஒழுங்காக இருந்தால் தண்ணீர் நேராக வாளிக்குள் விழும், ஒரு ஓரம் உடைந்திருந்தால் அந்தப் பக்கமாக வழிந்து வாளிக்கு வெளியே போகும். குழலிலும் அதுதான். ரவையின் அடிப்பாகம் வாயைவிட்டு வெளியேறும் அந்த நொடியில் பின்னால் இருந்து தள்ளி வந்த வாயு நாலாபுறமும் ஒரே நேரத்தில் பிரிய வேண்டும். விளிம்பில் ஒரு சிறு கீறல் இருந்தால் வாயு அந்த வழியாக முந்திக்கொண்டு வெளியேறி, ரவையின் அடியை ஒரு பக்கமாகத் தட்டிவிடும். தட்டு சிறியதுதான், ஆனால் 50 மீற்றர் போய்ச் சேருவதற்குள் அது விரல் அகலமாகிவிடும்.

பார்க்கும் முறை எளிது. பஞ்சில் கொஞ்சம் எடுத்துக் குழல் வாயின் உள் விளிம்பில் மெல்ல ஒரு சுற்று சுற்றுங்கள். எங்காவது பிசிறு இருந்தால் அந்த இடத்தில் பஞ்சு நூல் மாட்டிக்கொண்டு நிற்கும், கண்ணுக்குத் தெரியாததைப் பஞ்சு காட்டிக்கொடுக்கும். பிறகு மணிக்கூடு திருத்துகிறவர் வைத்திருக்கும் கண்வில்லை ஒன்றை வாங்கி, பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே திருகி ஓடும் பள்ளங்களும் மேடுகளும் வாயில் வந்து முடிகிற இடம் எல்லாப் பக்கமும் ஒரே கூர்மையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று மழுங்கியிருந்தால் காரணம் கிட்டத்தட்ட நிச்சயம்: யாரோ வாய்ப் பக்கத்தால் கம்பியை விட்டுத் துடைத்திருக்கிறார்கள்.

இது எனக்கு நடந்தது. நான் பழகிய காலத்தில் கழகத்தில் ஒரு ரைபிளைச் செத்த துவக்கு என்று மூலையில் வைத்திருந்தார்கள். மூன்று துண்டாகத் திருகிப் பொருத்துகிற இரும்புக் கம்பி ஒன்று இருந்தது, சோம்பலில் போல்ட்டைக் கழற்றாமல் வாய்ப் பக்கத்தாலேயே அதை விட்டு இழுப்போம். நானும் இழுத்திருக்கிறேன். கம்பியின் பொருத்து ஒவ்வொரு முறையும் விளிம்பின் கீழ்ப்பக்கத்தில் உரசியிருக்கிறது. உரிமம் பெற்ற துவக்குத் திருத்துநர் ஒருவர் வாயை ஒரு சொட்டு வெட்டிப் புதிதாக விளிம்பு எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான், செத்தது என்று வைத்திருந்த அதே குழல் மறுபடி காசுக்குள் சுட்டது. வருஷக்கணக்காக அதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், கெடுத்தது எங்கள் கைதான். தேயிலைத் தொழிற்சாலைக் கடைசல்காரர் எவராலும் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும், ஆனால் உரிமம் இல்லாதவர் கையில் துவக்கைக் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் வழக்கு வரும். வேண்டாம்.

விளிம்பு நன்றாக இருக்கிறதா? அப்போது பின்பக்கம் போங்கள். பொயின்ட் 22 குழலில் தோட்டா உட்காரும் அறைக்குச் சற்று முன்னால், பள்ளங்கள் தொடங்குகிற இடத்தில், கரி கல்போல் இறுகி ஒரு வளையமாகப் படியும். வெறும் துணித்துண்டு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். கரி கரைக்கும் திரவத்தில் நனைத்த துணியைப் பின்பக்கத்தால் விட்டுப் பத்து இருபது நிமிஷம் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் அந்த ஒரு அங்குலத்தை மட்டும் தேய்த்து, பிறகு வெள்ளைத் துணி வெள்ளையாக வரும்வரை தள்ளுங்கள். துணியைத் தள்ளும்போது கண்ணை மூடிக்கொண்டு கையால் கவனியுங்கள். ஒரே இறுக்கத்தில் போக வேண்டும், வாய்க்குக் கிட்டே கொஞ்சம் இறுகினால் நல்லது. வாய்க்குக் கிட்டே திடீரென்று தளர்ந்தால்தான் குழல் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறது.

துடைத்து முடித்ததும் சுடுகிற முதல் பத்துப் பதினைந்து வெடியை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். மெழுகு திரும்பவும் குழலில் படிந்த பிறகுதான் குறூப், அதாவது அட்டையில் ஓட்டைகள் சிதறும் அகலம், சுருங்கும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பொயின்ட் 22 குழலைப் போட்டுத் தேய்ப்பவர்கள் இந்தப் படிவை அழித்து அழித்து, ஒருநாளும் அதன் நல்ல குறியைப் பார்க்காமலே போகிறார்கள். தேதி, தோட்டாப் பெட்டி இலக்கம், கடைசியாகத் துடைத்ததிலிருந்து எத்தனை வெடி, குறூப் எத்தனை மில்லிமீற்றர் என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். இரண்டு மாதம் எழுதி எனக்கு அனுப்பினால் குழலை மாற்ற வேண்டுமா என்று நேராகவே சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தாத்தா துரை பங்களாவில் அப்புவாக இருந்தவர். துரை சுடப் போய்த் திரும்பியதும் முதலில் கேட்பது கெண்டி நிறையக் கொதிக்கும் தண்ணீராம், குடிக்க அல்ல, துவக்குக் குழலுக்குள் ஊற்ற. "துவக்குக்குத் தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் துரை குடிப்பார்" என்று தாத்தா சொல்வார். தண்ணீர் ஊற்றினால் துருப்பிடிக்காதா? (வாசகர், தலவாக்கலை)

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். உங்கள் தாத்தா பார்த்தது சரியான வேலை. அந்தத் துரை அநேகமாகத் தோட்டத்துரைமார் சேர்ந்திருந்த சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் என்ற தொண்டர் படையில் இருந்திருப்பார். 1900 இல் தொடங்கியது, தலைமையகம் கண்டியில், 1949 இல் கலைக்கப்பட்டது. அவர்கள் கையில் இருந்தது 303 ரைபிள்.

அந்தக் காலத் தோட்டாவின் அடியில் தீப்பொறி கொடுக்கும் தொப்பியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைட்டாக மாறிக் குழல் முழுக்கப் படியும். அது ஒருவகை உப்பு, சாப்பாட்டு உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. மழைக்காலத்தில் உப்புப் போத்தல் என்ன செய்கிறது? தானாகத் தண்ணீரை இழுத்துக் கசிகிறது அல்லவா? தலவாக்கலை மூடுபனியில் அந்த உப்பு ஒரே இரவில் குழலுக்குள் ஈரத்தை இழுத்து உருக்கைத் தின்னத் தொடங்கும். எண்ணெய் பூசினால் போதாதா என்றால் போதாது, உப்பு எண்ணெயில் கரையாது, எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்துகொண்டு தன் வேலையைப் பார்க்கும். தண்ணீரில் மட்டும்தான் கரையும். கொதிக்கிற தண்ணீர் எதற்கு என்றால், அது உப்பைச் சீக்கிரம் கரைப்பதோடு குழலையும் சூடாக்கிவிடும், மிச்ச ஈரம் அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். பிறகு துணி, பிறகு எண்ணெய். பின்பக்கத்தால் புனல் வைத்து ஊற்றுவார்கள், கட்டைக்குள் தண்ணீர் போகக் கூடாது என்பதற்காக.

அந்த 303 க்கு இன்னொரு கதையும் இருக்கிறது, குழலும் குறியும் எப்படிப் பிணைந்தவை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1888 இல் பிரித்தானியப் படை எடுத்துக்கொண்ட லீ மெட்போர்ட் ரைபிளின் உட்பள்ளங்கள் ஆழம் குறைந்தவை, ஓரங்கள் வளைவானவை, மொத்தம் ஏழு. கரும்புகை மருந்தின் கசடு ஒட்டாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தார்கள். வேலையும் நன்றாகவே செய்தது. ஆனால் சில வருஷங்களில் கரும்புகை மருந்து போய் கோர்டைட் வந்தது. நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின் சேர்த்துக் கயிறு கயிறாகப் பிழிந்த மருந்து அது, எரியும் சூடு மிகவும் அதிகம். அந்தச் சூட்டில் ஆழமில்லாத பள்ளங்கள் மளமளவென்று அரித்துப்போய் ரவைக்குப் பிடிமானம் இல்லாமல் போயிற்று. மருந்தை மாற்றாமல் பள்ளத்தை மாற்றினார்கள்: ஐந்து பள்ளம், ஆழமாக, சதுர ஓரத்தோடு. 1895 இல் வந்த அதுதான் லீ என்பீல்ட். மிச்சமெல்லாம் ஏறக்குறைய அதே துவக்கு, குழலின் உள்ளே மட்டும் வேறு.

இன்று வருகிற தோட்டாக்கள் பெரும்பாலும் அந்த உப்பு இல்லாதவை. அதனால் உங்கள் ரைபிளுக்குக் கெண்டி தேவைப்படாது.

கேள்வி: மரக்கறித் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வருவதால் உரிமத்தோடு ஒரு 12 துவக்கு வைத்திருக்கிறேன், அப்பா காலத்தது. உள்ளே புள்ளி புள்ளியாகத் துரு. தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் வைக்கிறேன், ஆனாலும் இப்படி. குறி தவறுமா? (விவசாயி, கந்தப்பளை)

பதில்: ஐயா, உங்களுடையது உட்பள்ளம் இல்லாத வழுவழுப்பான குழல், சன்னங்கள் கூட்டமாகப் போகிற துவக்கு. சில துருப் புள்ளியால் அதன் குறி பெரிதாக மாறாது. ரைபிளில் அதே புள்ளிகள் ரவையின் ஈயத்தையோ செம்பையோ சுரண்டிச் சுரண்டிக் கசடு சேர்க்கும், குறூப் விரியும். உங்களுக்குக் கவலை குறியில் இல்லை, பாதுகாப்பில். புள்ளி ஆழமாகப் போனால் குழலின் சுவர் மெலிந்துவிடும், அதுவும் பழைய குழல். வெளியே தடவிப் பார்த்தால் நெளிவோ வீக்கமோ தட்டுப்பட்டால் அந்தக் குழலில் இனி ஒரு வெடியும் வேண்டாம், திருத்துநரிடம் காட்டிச் சுவர்த் தடிப்பை அளக்கச் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். சுமார் 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும், கந்தப்பளைக் குளிரில் உங்கள் வீட்டுப் போத்தலே காலையில் வெள்ளைக்கட்டியாக நிற்குமே! குழலுக்குள்ளும் அப்படித்தான் நிற்கிறது. நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியையும் கரியையும் பிடித்துவைத்து, அடியில் ஈரத்தைப் பூட்டிவிடும். துவக்குக்கென்று விற்கும் கனிம எண்ணெய் போதும், அதுவும் மெல்லிய படலமாக. சுடுவதற்கு முன் காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சுவரில் தொங்குகிற துவக்கின் வாயைப் பாருங்கள். துளை எங்கே கிடைக்கும் என்று மண்குளவி தேடிக்கொண்டு திரியும், மண் உருண்டையைக் கொண்டுவந்து குழலுக்குள் கூடு கட்டி அடைத்துவிடும், வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஒரு முறை நான் துணியைத் தள்ளியபோது நடுவில் நின்றுவிட்டது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் இருட்டு. குச்சியால் தட்டியதும் காய்ந்த களிமண் பொலபொலவென்று விழுந்தது, உள்ளே மயங்கிய சிலந்திகள், ஒரு வெள்ளைப் புழு. அந்த அடைப்போடு வெடி வைத்திருந்தால் குழல் அந்த இடத்தில் பிளந்து இடக்கை போயிருக்கும். பன்றி வந்த அவசரத்தில் இருட்டில் ஓடிப்போய் எடுக்கிற துவக்கு அது, அதனால்தான் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் தோட்டா போடுமுன் குழலைத் திறந்து பின்பக்கத்தால் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பாடசாலைப் பிள்ளைகளுக்கு 10 மீற்றர் எயார் ரைபிள் பழக்குகிறேன். ஒவ்வொரு நாளும் குழலைத் துடைக்க வேண்டுமா? (ஆசிரியை, பதுளை)

பதில்: வேண்டாம் டீச்சர். இதில் மருந்து எரிவதில்லை, சூடு இல்லை, கரி இல்லை, 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு காற்றில் போகிறது, அவ்வளவுதான். குழலுக்கென்று செய்த கம்பளிக் குண்டுகளைப் பின்பக்கத்தால் எப்போதாவது விட்டால் போதும். எண்ணெய் வேண்டவே வேண்டாம், முக்கியமாகச் சுருள்வில் துவக்கில். அழுத்தத்தில் எண்ணெய் தீப்பற்றி வெடித்து, குண்டின் வேகம் ஒவ்வொரு தடவையும் வேறாகும், காற்றுக் கசியாமல் அடைக்கும் வளையமும் பழுதாகும்.

10 மீற்றர் அட்டையில் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர்தான். அந்த அளவில் குழலைவிடக் குண்டுதான் அதிகம் ஏமாற்றும். டப்பாவைக் கீழே போட்டால் குண்டின் பின்னால் பாவாடைபோல் விரிந்த மெல்லிய ஓரம் நசுங்கிவிடும், ஈரத்தில் வைத்தால் வெள்ளைப் பொடி பூக்கும். இரண்டையும் ஒதுக்குங்கள். பிள்ளைகள் ஈயம் தொட்ட கையோடு சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறார்களா என்று பாருங்கள், எனக்கு இது குறியைவிடப் பெரிய விஷயம். சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் ரொட்டி.

கேள்வி: படையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு குழல் எத்தனை வெடி தாங்கும்? (வாசகர், தியத்தலாவை)

பதில்: ஒரு இலக்கத்தைக் கேட்டால் தோட்டாவைச் சொல்லுங்கள் என்பேன். 7.62 மில்லிமீற்றர் போன்ற நடுத்தரத் தோட்டாவுக்குச் சில ஆயிரம் வெடிவரை போட்டிக் குறி நிற்கும். சிறிய துளையில் பெரிய மருந்தைத் திணித்த மெக்னம் வகைகளில் 1,500, 2,000 இலேயே குறி தளரத் தொடங்கலாம். எல்லாவற்றிலும் முதலில் சாவது தொண்டை, அதாவது அறைக்கு அடுத்து உட்பள்ளங்கள் தொடங்கும் இடம். வெடிக்கும் சூடு முழுவதும் விழுவது அங்கே. கமரா விட்டுப் பார்த்தால் வற்றிய குளத்துச் சேறு வெடித்ததுபோல் பாளம் பாளமாக இருக்கும். படைத் துவக்குகள் பலவற்றில் உள்ளே குரோமியம் பூசுவது இதைத் தாமதப்படுத்தத்தான், ஆனால் பூச்சு எல்லா இடமும் ஒரே தடிப்பில் விழாவிட்டால் குறி கொஞ்சம் குறையும், போட்டிக் குழல்களில் அதனால்தான் பூசுவதில்லை.

எண்ணிக்கையைவிட வேகம் முக்கியம். ஐந்து நிமிஷத்தில் சுட்ட 50 வெடியும், குழலைத் தொட்டுப் பார்த்துச் சூடு ஆறவிட்டுச் சுட்ட 50 வெடியும் ஒன்றல்ல. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். அட்டையில் ஓட்டை வட்டமாக இல்லாமல் ரவை பக்கவாட்டில் விழுந்ததுபோல் நீளமாக வந்தால் உட்பள்ளம் ரவையைச் சுழற்றவில்லை என்று அர்த்தம். அந்தக் குழலுக்கு வைத்தியம் இல்லை.

கேள்வி: நுவரெலியாவில் நன்றாகச் சுடுகிறேன், கொழும்புக்குப் போட்டிக்குப் போனால் முதல் பத்து வெடி எங்கோ போகிறது. குழலில் கோளாறா? (வாசகர், நுவரெலியா)

பதில்: குழலில் வியர்வை, தம்பி. 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் ஊறிய இரும்பைக் கொழும்பின் ஈரச் சூட்டில் திறந்தால், ஐஸ் போட்ட குவளையின் வெளிப்புறம்போல் குழலின் உள்ளும் புறமும் நீர் பூக்கும். அதோடு நீங்கள் பூசிய எண்ணெயும் சேர்ந்தால் முதல் வெடிகள் வழுக்கிக்கொண்டுதான் போகும். கீழே காற்று அடர்த்தி என்பதும் உண்மைதான், நம் ஊரில் ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆனால் 50 மீற்றரில் அதனால் வரும் வித்தியாசம் மிகச் சிறிது, 300 மீற்றர் சுடுகிறவர்கள்தான் சைட்டைத் திருத்த வேண்டும்.

முதல்நாளே இறங்குங்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காமல் இரண்டு மூன்று மணித்தியாலம் அப்படியே வைத்து, பெட்டி அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து, காய்ந்த துணி இரண்டு தள்ளுங்கள். திரும்பி வந்ததும் துவக்கைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள், அந்தப் பஞ்சு மெத்தை கொழும்பு ஈரத்தைக் குடித்துக்கொண்டு வந்திருக்கும். வெளியே எடுத்துத் துடைத்து, பூட்டுகிற அலுமாரியில் வாய் கீழ்நோக்கி நிறுத்துங்கள், எண்ணெய் கட்டைக்குள் இறங்காது.